கொட்டிலும் குழியும்: சேலம், நாமக்கல் நிலத்துப் படைக்கலச் சேமவைப்புகள்

புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பயிலாத தமிழ் மாணவர் இலர். தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்றும், அப்பொழுது அவர் பாடியதே அப்பாட்டு என்றும் அதன் அடிக்குறிப்புக் கூறும். திணை பாடாண், துறை வாண்மங்கலம். தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலியும் மாலையும் பூண்டு, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவலுடைய மனையின்கண் இருக்கின்றன. அதியமானுடையனவோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனது சிறிய பட்டடையில் கிடக்கின்றன. வகுப்பறையில் இதனைப் புகழ்வது போலப் பழித்தலுக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டிவிட்டு மேற்செல்லுதலே பெரும்பான்மை வழக்கு. அவ்வாறு மேற்செல்லாது, படைக்கலங்கள் சேமித்து வைக்கப்பெற்ற முறைக்கு ஒரு பொருட்சான்றாக இப்பாட்டைக் கொண்டு, அதியமான் ஆண்ட நிலத்தையும் அதனை அடுத்த சேலம், நாமக்கல் நிலத்தையும் நோக்கின் பெறப்படுவன யாவை என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இந்நிலத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தகடூராகிய தருமபுரி 1965 வரையில் சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. நாமக்கல் 1997இல்தான் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. நாமக்கல் மலையின் அரங்கநாதர் குடைவரை அதியேந்திர விஷ்ணுகிருகம் எனக் கல்வெட்டில் பெயர் பெறுவதனால், அதியர் மரபு பிற்காலத்தும் இத்தென்பகுதியிற் செல்வாக்குடன் விளங்கிற்று என்பது தெளிவு. ஆகவே, புலவர் பாடிய உலைக்களமும் வாளும் வேலும் எந்நிலத்து இரும்பாலானவை என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் இவ்வட்டாரத்திற்கே வருதல் வேண்டும்.

சொற்கள் தரும் சான்று

மேற்காட்டிய பாட்டு படைக்கலத்திற்கு இரண்டு இருப்பிடங்களையே கூறுகின்றது. ஒன்று கொட்டில், மற்றொன்று கொல்லன் பட்டடை. கொட்டில் என்பது இன்று மாடு கட்டும் இடத்தையே பெரிதும் குறிக்கும் சொல்லாகி நிற்பினும், பண்டு அரசனது படைக்கல மனையையும் அச்சொல்லே குறித்தது. உழைக்கும் உயிர் ஓய்வு கொள்ளும் இடமும், உழைத்த கருவி ஓய்வு கொள்ளும் இடமும் ஒரே சொல்லாற் சுட்டப்பெற்றமை நினைத்தற்குரியது.

மூன்றாவது இருப்பிடம் ஒன்று உண்டு. அது நிலத்தின் அடி. இதற்குரிய சொல்லைத் தேடுங்கால் 'பதுக்கை' நினைவுக்கு வரும். புறநானூற்றின் 264ஆம் பாட்டில் நடுகல் நாட்டப்பெறுவது பரற்கற்கள் நிறைந்த பதுக்கையை அடுத்தே. ஆறலை கள்வரால் வீழ்ந்தோரை மூடிய கற்குவையையும் தழைக்குவையையும் சங்கப் பாடல்கள் இச்சொல்லாற் குறிக்கும். பதுங்கு, பதுக்கு என்னும் வினைகளோடு இதற்கு உறவு உண்டென்றே யாம் கருதுகின்றோம். 'பதுக்கல்' எனப் பண்டங்களை மறைத்து வைப்பதற்கு நாளிதழ்கள் வழங்கும் சொல்லும் அவ்வேரினதே. எனவே, மறைத்தற் பொருளும் ஈமப் பொருளும் ஒரு சொல்லிற் கூடி நிற்கின்றன. மண்ணுக்குள்ளிருந்து ஒரு வாள் வெளிப்படும்போது, அது மறைத்து வைக்கப்பெற்றதா, இறந்தோர்க்குப் படைக்கப்பெற்றதா என நாம் படும் ஐயத்திற்கு இச்சொல்லே ஒரு சான்று போலும்.

இன்னும் ஒன்று. பீலி சூட்டுதல் கொட்டிலுக்கு மட்டும் உரிய வழக்கன்று. அகநானூற்றின் 67ஆம் பாட்டில் வழிதொறும் நிற்கும் நடுகற்கள் பீலி சூடியிருக்கின்றன. அவற்றின் முன் வேல் ஊன்றப்பெற்றுக் கேடகமும் சார்த்தப்பெற்றுள்ளது. தொழில் ஓய்ந்த கருவிக்கும், தொழில் முடித்து வீழ்ந்த வீரனுக்கும் செய்யப்பெறும் அணி ஒன்றே. இதனை நோக்கின், ஔவையாரின் எள்ளல் மேலும் கூர்மையுடையதாகின்றது. தொண்டைமான் கொட்டிலிலுள்ள வேல்கள் போர் காணுமுன்னரே நடுகல்லின் கோலம் பூண்டுவிட்டன என்பது அதன் குறிப்பாகலாம். உரைகாரர் இதனைச் சொல்லிற்றிலர். எமது கருத்தாகவே இதனைக் கொள்க. வாண்மங்கலத்தின் வழித்தோன்றலை இன்று காண விழைவோர் ஆயுத பூசை நாளில் நாமக்கல்லுக்கோ சங்ககிரிக்கோ செல்லலாம். ஆங்கு மாலையும் சந்தனமும் பூண்டு வரிசையாக நிற்பவை வாள்கள் அல்ல, லாரிகள்.

ஈமக்குழியின் வாள்கள்

மேட்டூர் அணை 1925இல் தொடங்கப்பெற்று 1934இல் முடிவுற்றது. அதனைச் சூழ்ந்த காவிரிப் பகுதி இரும்புக் காலத்து ஈமச்சின்னங்கள் மலிந்த நிலம். அவற்றுள் மாங்காடு, தெலுங்கனூர் ஆகிய இரண்டு ஊர்களும் இற்றைநாளில் தொல்லியலார் கருத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளன. இரண்டும் சேலம் மாவட்டத்தன. சிதைந்த ஈமக்குழிகளிலிருந்து இரும்பு வாள்கள் வெளிப்பட்டன; கரிமக் காலக்கணிப்பு மாங்காட்டிற்குக் கி.மு. 1604-1416 என்னும் எல்லையையும், தெலுங்கனூருக்குக் கி.மு. 1435-1233 என்னும் எல்லையையும் அளித்தது. தெலுங்கனூர் வாளின் இரும்பு உயர்கரிம எஃகு என்பதும் ஆய்விற் கண்டறியப்பெற்றது. பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியாகிய கிருட்டிணகிரியின் மயிலாடும்பாறையில் கிடைத்த காலம் கி.மு. 2172. இவை யாவும் 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் நூலில் ஒருங்கு வைத்து ஆராயப்பெற்றுள்ளன.

இவ்வாள்களைப் 'போர்க்கருவிகளின் சேமவைப்பு' எனலாமா? கொட்டிலில் வைத்தவன் மீண்டும் எடுக்கும் கருத்துடன் வைத்தான். ஈமக்குழியில் வைத்தவனோ எடுக்கும் கருத்தின்றி வைத்தான். இரும்பு அருமையாயிருந்த ஒரு காலத்தில், உழுபடையாகவோ கோடரியாகவோ மாற்றத்தக்க இவ்வளவு எஃகை மண்ணிற்கு விட்டுக்கொடுத்தல் சிறு செயலன்று. அயல்நாட்டிலும் இதற்கு ஒப்பு உண்டு. டென்மார்க்கு நாட்டின் இல்லெருப்பு என்னுமிடத்தில் 1950இல் வடிகால் வெட்டியபோது, பண்டு ஏரியாயிருந்த சேற்று நிலத்திலிருந்து படைக்கலங்கள் வெளிப்பட்டன. பின்னர் நிகழ்ந்த அகழ்வுகளில் 15,000க்கு மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. தோற்ற படையின் வாளையும் வேலையும் வளைத்தும் முரித்தும் ஏரியில் எறிந்து தெய்வத்திற்கு அளித்தனர் என்பது ஆய்வாளர் துணிபு. அங்கு அளிக்கப்பெற்றது பகைவனுடைய படைக்கலம். நம் ஈமக்குழிகளில் இருப்பதோ இறந்தவனுக்கு உரியது அல்லது அவனுக்கென அளிக்கப்பெற்றது. இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும்.

இவ்வேறுபாட்டை அறிவிப்பது வாள் அன்று. அது கிடந்த நிலையே. எலும்பின் வலப்புறம் கிடந்ததா, மூடுகல்லின் மேற்கிடந்ததா, முரித்து வைக்கப்பெற்றதா, அருகில் எத்தகைய மட்கலம் இருந்தது என்பன தெரிந்தால் குழியின் பொருள் விளங்கும். இவை தெரியாதவிடத்து, வாள் ஒரு நீண்ட துருத்துண்டாக மட்டுமே எஞ்சும். சிதைந்த குழிகளிலிருந்து எடுக்கப்பெறும் பொருள்களின் பெருங்குறை இதுவே.

கோட்டைகள் ஏன் வெறுமையாயின?

இனி, துப்பாக்கியும் பீரங்கியும் வந்த காலத்தை நோக்குவோம். சேலம், நாமக்கல் சமவெளியின் நடுவே எழும் தனிக்குன்றுகள் பலவும் கோட்டைகளாயின. அவற்றுள் நாமக்கல் மலையும் சங்ககிரியும் தலையாயவை. நாமக்கல் கோட்டை ஒற்றைப் பாறையின் உச்சியில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்பில் அமைந்தது. சங்ககிரியில் மலையின் அடி முதல் முடி வரை அடுக்கடுக்காக மதில்களும் வாயில்களும் உள்ளன. 1768இல் கர்னல் உட் என்னும் கும்பினிப் படைத்தலைவர் நாமக்கல் உள்ளிட்ட பல கோட்டைகளைக் கைப்பற்றினார். அவ்வாண்டு முடிவதற்குள் ஐதர் அலி அவற்றை மீட்டுக்கொண்டார். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் கும்பினி வசமாயின. அலெக்சாண்டர் ரீடு முதல் கலெக்டராக வந்தார். அவருக்குத் துணையாயிருந்தோருள் ஒருவரே பிற்காலத்தில் சென்னை ஆளுநரான தாமசு மன்றோ. 1805 சூலை 31ஆம் நாள் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பெற்றதும் இச்சங்ககிரியிலேயே.

இத்துணைப் போர் கண்ட கோட்டைகளில் இன்று ஏறிப் பார்ப்போர் காண்பன மதிலும் கோயிலும் கிடங்கறைகளுமே. படைக்கலம் எங்கே? 'வெள்ளையர் கொண்டு போயினர்' என ஒரு சொல்லில் விடை கூறி அமைவது எளிது. உண்மையோ பல படிகளை உடையது. ஒரு கோட்டை கைம்மாறும்போது, வென்றவர் அங்குள்ள பீரங்கி, வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைக் கணக்கெடுத்தனர். பயன்படுவனவற்றைத் தம் படையோடு சேர்த்தனர். பயன்படாத பீரங்கியின் தீத்துளையில் ஆணி அறைந்தோ, தாங்குமுளைகளை உடைத்தோ விட்டனர். இஃது அக்காலத்துப் போர் மரபு. வெண்கலப் பீரங்கி உலோக விலைக்கு உருக்கப்பெற்றது. இரும்புப் பீரங்கி கிடந்த இடத்திலேயே கிடந்து, பின்னொருநாள் அலுவலக வாயிலில் அழகுக்காக நட்டு வைக்கப்பெற்றது, அல்லது உடைத்து விற்கப்பெற்றது.

இனி, வாளும் வேலும். இவற்றின் முடிவுக்கு இந்நிலத்தின் இரும்புத் தொழிலே காரணமாயிருக்கலாம் என்பது எம் எண்ணம். கஞ்சமலையின் காந்த இரும்புக்கல் பெயர் பெற்றது. பிரான்சிசு புக்கானன் 1800ஆம் ஆண்டில் தென்னாட்டில் வழிநடந்து எழுதிய குறிப்புகளில், மண்ணாலாகிய சிறு உலைகளில் இரும்பு உருக்கும் முறைகளை விரிவாக எழுதியுள்ளார். சேலத்தில் கும்பினியின் பணியில் இருந்த சோசையா மார்சல் ஹீத்து, இக்கனிமத்தையே நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830ஐ ஒட்டி உருக்காலை தொடங்கினார். 1839இல் இந்திய எஃகைப் பற்றிக் கட்டுரையும் வரைந்தார். அவ்வாலை நெடுங்காலம் நிலைத்திலது. ஆனால் ஊர்தோறும் இருந்த கொல்லர் பட்டடைகள் அதற்கு முன்னும் பின்னும் இருந்தன. மண்ணிலிருந்து புதிதாக இரும்பு எடுப்பதற்குக் கரியும் உழைப்பும் மிக வேண்டும். பழைய வாளைக் காய்ச்சி அடித்துக் கொழுவாக்குவதற்கோ ஒருநாள் பணி போதும். எனவே, போர் ஓய்ந்த நிலத்தில் கைவிடப்பெற்ற வாள் ஒவ்வொன்றும் ஒரு கொல்லனுக்கு மூலப்பொருள். புறநானூறு கூறும் பட்டடையில் முரிந்த வேல் செப்பம் செய்யப்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் பட்டடையில் அது மண்வெட்டியாயிற்று. கோட்டையிற் படைக்கலம் கிடைக்காமையைக் கொண்டு, அங்குப் படைக்கலம் மிகுதியாக இருந்திலது என முடிவு செய்தல் பொருந்தாது.

தெற்கே அரசின் ஆணையும் இதற்குத் துணை செய்தது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் நாள் தூக்கிலிடப்பெற்ற பின்னர், அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிக்கை, தென்பாளையங்களில் படைக்கலம் தாங்குதலைத் தடை செய்தது. வேலும் வளரியும் வீட்டுக் கூரையினின்றும் இறங்கின. ஒப்படைக்கப்பெற்றவை உடைக்கப்பெற்றன; ஒப்படைக்கப்பெறாதவை கோயிற் பூசைப் பொருள்களாக ஒதுங்கின. வளரி ஒரு சில அரண்மனைகளிலும் அருங்காட்சியகங்களிலும் மட்டும் காணும் பொருளாயிற்று.

தஞ்சையின் கொட்டில், நகராவின் கிணறு

கொட்டிலில் பேணப்பெற்ற படைக்கலத்தின் முடிவை முழுமையாக அறிய விரும்புவோர் தஞ்சைக்குச் செல்லுதல் வேண்டும். தஞ்சை அரண்மனையில் நாயக்கர் காலந்தொட்டு மராட்டியர் காலம் வரை திரண்ட படைக்கலங்கள் பெருங்குவையாக இருந்தன. அரசர் இரண்டாம் சிவாசி 1855இல் ஆண்மகவின்றி இறந்தார். அரசு கும்பினிக்கு ஆயிற்று. 1863இல் கொட்டில் கலைக்கப்பெற்றது. சென்னை அருங்காட்சியகத்திற்கெனச் சில தேர்ந்தெடுக்கப்பெற்றன. எஞ்சியவை உடைத்துப் பழைய உலோகமாக விற்கப்பெற்றன. அக்குவையை நேரில் அறிந்த வால்ஹவுசு என்னும் அலுவலர் 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இதனை எழுதி வைத்திராவிடில், இவ்வளவும் நமக்குத் தெரிந்திராது.

தேர்ந்தெடுத்தவர் எதனை நோக்கித் தேர்ந்தனர்? பிடியின் வேலைப்பாட்டை. யாளி முகமும் மயிலும் கிளியும் செதுக்கிய கட்டாரிகள் தப்பின. படைவீரன் ஏந்திய எளிய வேலும் வாளும் எடைக்குப் போயின. இதன் விளைவை நாம் இன்றளவும் காண்கின்றோம். சென்னையிலோ, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலோ தஞ்சைப் படைக்கலத்தைக் காண்போர் அரச அணிகலன்களையே காண்கின்றனர். நியூயார்க்கினுள்ளவற்றிற் பல ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்பார் 1935இல் விட்டுச்சென்ற கொடையின் வழி வந்தவை. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பிய வாளினின்றும் வெட்டி எடுக்கப்பெற்றது என்பதும் ஒரு சுவையான செய்தி. ஆனால் நாயக்கர் படையின் காலாள் ஒருவன் எத்தகைய வேலை ஏந்தினான், அதன் எடை என்ன, இரும்பு எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களுக்கு விடை கூறத்தக்க பொருள்கள் பழைய இரும்புக் கடையிலே கரைந்தன. ஔவையார் கண்ட காவல் மனை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதுகாப்பாக இருந்திலது. திரண்டு ஓரிடத்தில் இருந்தமையாலேயே அது ஒரே ஆணையால் அழிந்தது.

இதற்கு மறுதலையாக நிற்பது மைசூர் நாட்டு நகரா. பிதனூர் எனப் பண்டு பெயர் பெற்ற இவ்வூரை ஐதர் அலி 1763இல் கைப்பற்றினார். இன்று அது கருநாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தைச் சார்ந்தது. இவ்வூரில் 2002இல் ஏறத்தாழ 160 இரும்புக் குழல்கள் கிடைத்தன. அவை எவை என்பது அப்போதே உணரப்பெறவில்லை. சில ஆண்டுகட்குப் பின்னரே திப்பு சுல்தான் காலத்து வாணங்கள் எனத் தெளியப்பெற்றன. 2018 சூலையில் அவ்வூரின் பாழடைந்த கிணறு ஒன்றைக் கருநாடகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். சேற்றினின்றும் வெடிமருந்து நாற்றம் வீசியதே அவர்களை அங்குத் தூண்டியது. மூன்று நாளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட வாணங்கள் வெளிவந்தன. அவற்றின் நீளம் 23 முதல் 26 செண்டிமீட்டர் வரை. இரும்புக் குழலில் மருந்தைத் திணித்து மூங்கிற் கழியோடு பிணைத்து எறியும் இவ்வாணமே பிற்காலத்து ஆங்கிலேய வாணத்திற்கு மூலமாயிற்று. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பெற்ற வாணங்களுள் இரண்டு மட்டுமே இங்கிலாந்தின் உல்லிச்சு நகரப் பீரங்கிப் படை அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் காட்டப்பெற்று வந்தன. கொட்டிலினின்றும் சென்றவை இரண்டு. கிணற்றினின்றும் வந்தவை ஆயிரம்.

நகராவின் கிணற்றில் அவை சேமித்து வைக்கப்பெற்றனவா, பகைவர் கையிற் படாதிருக்க எறியப்பெற்றனவா? வெடிமருந்தை நீருள்ள கிணற்றில் ஒருவன் சேமிப்பான் என்பது ஏற்கத்தக்கதன்று. எறியப்பெற்றன என்பதே எமது கருத்து. எனினும் கிணறு எப்பொழுது வறண்டது என்பது தெளியாதவரை இதனை முடிந்த முடிபாகக் கூறோம். இதற்கு ஒத்த நிகழ்ச்சி ஒன்று ஸ்காட்லாந்திலும் உண்டு. கி.பி. 87ஐ ஒட்டி இன்ச்டூத்தில் என்னும் பாசறையை விட்டு நீங்கிய உரோமப் படை, தன்பாலிருந்த இரும்பாணிகளை ஆழ்குழியில் இட்டு மூடிச் சென்றது. மலைநாட்டார் அவ்விரும்பை வேலாக்குவர் என்னும் அச்சமே காரணம். 1960இல் அக்குழியை இயன் ரிச்மண்டு அகழ்ந்தபோது ஏறத்தாழ எட்டே முக்கால் இலட்சம் ஆணிகள் வெளிப்பட்டன. புறத்தே கிடந்தவை துருவேறி ஒரு கவசம் போல் இறுகவே, உள்ளே கிடந்தவை புத்தம் புதியனவாக இருந்தன. நகராவில் அக்கவசத்தின் வேலையைச் சேறு செய்தது.

எடுத்தபின் நிகழ்வது

மண்ணினுள் இரும்பு அழிவதில்லை என எண்ணுதல் தவறு, மெல்ல அழிகின்றது. சில நூற்றாண்டுகளில் இரும்புக்கும் சூழ்ந்த மண்ணுக்கும் இடையே ஒரு வகை அமைதி பிறக்கின்றது. வாளை வெளியில் எடுத்த அன்றே அவ்வமைதி குலைகின்றது. துருவின் உள்ளே தங்கிய உப்பு, காற்றின் ஈரத்தோடு கூடி மீண்டும் வினை செய்யும். மஞ்சள் நிற நீர்த்துளி அரும்பும்; சில மாதங்களில் வாள் ஏடு ஏடாகப் பெயர்ந்து விழும். அருங்காட்சியகங்கள் இவ்வுப்பைக் காரக் கரைசலில் வாரக்கணக்காக ஊறவைத்து நீக்குகின்றன. பின்னர் ஈரமற்ற பெட்டியில் வைக்கின்றன. ஔவையார் கண்ட நெய் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் புறக்காப்பு. உலைக்களத்தினின்றும் வந்த புது வாளுக்கு அது போதும். உள்ளே உப்பேறிய பழவாளுக்கு அது பயன்படாது.

இதனினும் பெருங்கேடு அன்பினால் விளைவது. வாளைக் கண்டெடுத்த ஊரார் அதனைப் புளியிட்டுத் துலக்குவர், உப்புத்தாளால் தேய்ப்பர், எண்ணெய் பூசிக் கோயிலில் சார்த்துவர். பண்டைய வாளின் மேற்பரப்பு இரும்பில் இல்லை, துருவின் நடுவேதான் உள்ளது என்பதனை அவர் அறியார். பிடியின் மரத்துண்டு, உறையின் தோல், சுற்றிய துணியின் இழை ஆகியவை இரும்புத் துருவேறிக் கல் போலாகி அங்கேயே ஒட்டியிருக்கும். துலக்கிய வாளில் ஒளி உண்டு, இவை இல்லை.

சட்டத்தின் நிலையும் கருதத்தக்கது. ஒரே ஆண்டாகிய 1878இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று புதையல் சட்டம்; பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதைபொருளைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அது. மற்றொன்று படைக்கலச் சட்டம். உரிமம் இன்றிப் படைக்கலம் வைத்திருத்தலைக் குற்றமாக்கியது அது. பொற்காசுப் பானையைக் கண்டவர்க்கு முன்னதால் ஒரு பங்கேனும் கிடைக்கும். துருப்பிடித்த துப்பாக்கிக் குழலைக் கண்டவர்க்கு முன்னதால் பயனில்லை. பின்னதால் அச்சம் உண்டு. அவர் அதனைக் கண்ட கிணற்றிலேயே மீண்டும் போட்டுவிட்டு வீடு திரும்பியிருந்தால் வியப்பதற்கில்லை. 1959இன் படைக்கலச் சட்டம், சுடுகருவியாகப் பயன்படுத்த இயலாத பழம்பொருள் மதிப்புடைய கருவிகளுக்கு விலக்கு அளித்துள்ளது. 1972இன் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களைத் தொல்பொருள் எனக் கொள்கின்றது. இவ்விரண்டும் வந்து அரை நூற்றாண்டு கழிந்தும், பழைய அச்சம் ஊர்களில் முற்றும் நீங்கிற்று எனக் கூற இயலாது.

வெடிமருந்துள்ள பொருள்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லுதும். சேற்றில் நனைந்த மருந்து உலர்ந்தபின் தீப்பற்றலாம். இருபதாம் நூற்றாண்டின் குண்டுகளோ எத்துணைப் பழையனவாயினும் வெடிக்கும். அவற்றைத் தொடாது விட்டுக் காவல் துறைக்கு அறிவித்தலே முறை. இதில் ஆராய்ச்சி ஆர்வத்திற்கு இடமில்லை.

சேலம், நாமக்கல் நிலத்தில் ஏரி தூர் வாருதலும், கல் உடைத்தலும், செங்கல்லுக்கு மண் எடுத்தலும் நாள்தோறும் நிகழ்வன. இரும்புக் காலக் குழிகளும், மைசூர்ப் போர்க்காலக் கிணறுகளும் இப்பணிகளின் வழியிலேயே உள்ளன. 1883இல் லெ பனு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டையும், 1918இல் ரிச்சர்ட்சு தொகுத்த அரசிதழையும் வைத்துக் கோட்டைகளின் வரலாற்றை எழுதலாம். கிணறுகளின் வரலாற்றை எழுத அவை உதவா. அதற்கு ஊர்ப் பெயர்களையும், நிலப் பெயர்களையும், முதியோர் நினைவையும் திரட்டுதல் வேண்டும். மருந்துக் கிணறு, குண்டுப் பாறை, கொட்டிற்காடு போன்ற பெயர்கள் எங்கேனும் வழங்கின் அவற்றைக் குறித்துக்கொள்ளும் பணி தமிழ்த் துறை மாணவர்க்கே உரியது. தொல்லியலார் அகழ்வதற்கு முன்னரே செய்யத்தக்கது.

அவ்வாறு செல்லும் மாணவரிடம் ஒருவர் வாள் ஒன்றைக் கொண்டு வந்து காட்டின், 'இஃது எக்காலத்தது' என்னும் வினாவே முதலில் நாவில் எழும். அதனைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எத்திசை நோக்கிக் கிடந்தது, உடன் கிடந்தது என்ன, எடுத்தபின் அதனைத் தேய்த்தனரா என்னும் ஐந்தையும் அன்றே கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதிக்கொள்ளுதல் வேண்டும். கொண்டு வந்தவர் மறுவாரம் வேறொன்று சொல்வார்.